சமவெளியை நிதானமாகக் கடக்க எந்தச் சாலை: ஐ-80, ஐ-90, ஐ-70, இல்லை நெப்ராஸ்கா ஹைவே 2?

அமெரிக்காவில் சிகாகோ, டெஸ் மாய்ன், கான்சஸ் சிட்டி மாதிரி ஊர்களிலிருந்து மேற்கே மலைப்பக்கம் காரில் போகக் கிளம்பினால் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள்: நடுவில் வரும் சமவெளியை ஒரே மூச்சில் ஓட்டித் தாண்டிவிடு, அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பார்த்தது ஐ-80 மாதிரி ‘ஐ’ எண் போட்ட பெரிய நெடுஞ்சாலைகளான இன்டர்ஸ்டேட்டின் இரண்டு ஓரங்களை மட்டும்தான். அந்தச் சாலைகள் முடிந்தவரை தட்டையான நிலமாகப் பார்த்துப் போடப்பட்டவை. நெப்ராஸ்காவில் ஐ-80 ஒட்டிப் போகும் பிளாட் ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான் 1840களில் மாடு பூட்டிய கூண்டு வண்டிகள் ஆரிகனுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போயின, 1860களில் யூனியன் பசிஃபிக் ரயில் நிறுவனம் தண்டவாளம் போட்டது, 1913-இல் லிங்கன் ஹைவே வந்தது. எல்லோருக்கும் வேண்டியிருந்தது ஏற்ற இறக்கம் இல்லாத தரை. அந்த மாதிரித் தரை உழவுக்கும் தோதானது, அதனால் புல்வெளியை உழுது மக்காச்சோளமும் சோயாவும் போட்டுவிட்டார்கள். ஜன்னல் வழியே மணிக்கணக்கில் ஒரே வயல் தெரிகிறது என்றால் அதற்குக் காரணம் சமவெளி இல்லை, நாம் பிடித்த சாலை.

ஆகவே அவசரமில்லாமல் போக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். கலப்பை எங்கே தோற்றுப்போனதோ அந்த வழியாகப் போங்கள். மணல் மேடு, சுண்ணாம்புப் பாறை, அரித்துப்போன களிமண் குன்று, இப்படி உழ முடியாத இடங்களில்தான் பழைய புல்வெளி மிச்சம் இருக்கிறது. இந்தக் கணக்கில் நாலு வழிகளையும் பார்ப்போம்.

முதலில் ஐ-80, ஏனென்றால் கூகுள் மேப்ஸ் பெரும்பாலும் இதைத்தான் காட்டும். ஓமஹாவிலிருந்து மேற்கு எல்லை வரை நெப்ராஸ்காவுக்குள் மட்டும் சுமார் 455 மைல், வேக வரம்பு பெரும்பாலும் 75. லிங்கனைத் தாண்டினால் கிராண்ட் ஐலண்டு வரை சுமார் 70 மைலுக்குச் சாலை கிட்டத்தட்ட வளைவதே இல்லை. லாரிகள் இரவும் பகலும் போய்க்கொண்டே இருக்கும். வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்றால் இதுதான் சரி, எக்ஸிட்டுக்கு எக்ஸிட் கேஸ் ஸ்டேஷனும் மோட்டலும் உண்டு. நார்த் பிளாட் ஊரில் யூனியன் பசிஃபிக்கின் பெய்லி யார்டு இருக்கிறது, உலகத்திலேயே பெரிய ரயில் யார்டு அது. பக்கத்திலுள்ள கோல்டன் ஸ்பைக் டவரில் ஏறினால் சுமார் 8 மைல் நீளத்துக்கு வெறும் ரயில் பெட்டிகளாகவே தெரியும். ரயில் பிடித்த பிள்ளைகள் இருந்தால் அங்கே அரை நாள் ஓடிவிடும். மற்றபடி நிதானப் பயணத்துக்கு இந்தச் சாலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு விதிவிலக்கு, மார்ச் மாதம். கிராண்ட் ஐலண்டுக்கும் கியர்னிக்கும் நடுவில் பிளாட் ஆறு ஆழமே இல்லாமல் பரந்து, மணல் திட்டு திட்டாக ஓடுகிறது. வடக்கே போகும் சாண்ட்ஹில் கொக்குகள் வழியில் இங்கேதான் சில வாரங்கள் தங்குகின்றன, எண்ணிக்கை 5 லட்சத்துக்கும் மேல். பகலில் அறுவடை முடிந்த வயல்களில் சிதறிக் கிடக்கும் சோளத்தைப் பொறுக்கும், இருட்டும் நேரத்தில் ஆற்றுக்கு வந்து, நரி கொயோட்டி நெருங்க முடியாத அந்தத் தண்ணீர் நடுவில் நின்றபடியே தூங்கும். கிப்பன் ஊர்ப் பக்கம் உள்ள ரோ சரணாலயத்தில் மறைவுக் குடில்கள் உண்டு, முன்பதிவு செய்துவிட்டு விடிவதற்கு முன்பே போய் உட்கார வேண்டும். அவை கூட்டமாக எழும்பும்போது வரும் சத்தத்தை நெஞ்சில் உணரலாம். மார்ச் நடுவிலிருந்து கடைசி வரை போக முடிகிறவர்கள் மற்ற மூன்று சாலைகளையும் மறந்துவிட்டு இங்கே போங்கள். மற்ற பதினோரு மாதமும் என் பதில் வேறு.

அடுத்து ஐ-90, தெற்கு டகோட்டா வழி. சின்னப் பிள்ளைகளோ ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவோ கூட இருந்தால், முதல் முறை போகிறவர்களுக்கு இதுதான் சுலபம். சூ ஃபால்ஸிலிருந்து ரேபிட் சிட்டி வரை சுமார் 345 மைல், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது காரை விட்டு இறங்க ஏதாவது காரணம் கிடைக்கும். மிட்செல் ஊரில் சோள அரண்மனை, சுவர் முழுக்க பல நிறச் சோளக் கதிர்களை அறைந்து செய்த ஓவியங்கள், அநேகமாக வருஷா வருஷம் மாற்றுவார்கள். முதல் கட்டடம் 1892-இல் வந்தது. அதற்கு அரை மணி நேரம் போதும். சேம்பர்லெய்னில் மிசௌரி ஆற்றுக்கு மேலே இருக்கும் ரெஸ்ட் ஏரியாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2016-இல் வைத்த ‘டிக்னிட்டி’ என்ற 50 அடி எஃகுச் சிலை அங்கே நிற்கிறது, நட்சத்திரப் போர்வையை முதுகில் விரித்துப் பிடித்த ஒரு பழங்குடிப் பெண். போர்வையில் உள்ள நீலச் சாய்சதுரத் துண்டுகள் காற்றில் அசையும்படி பொருத்தப்பட்டிருக்கின்றன, காற்றுக்கோ அங்கே பஞ்சமே இல்லை. கீழே ஆற்றைப் பாருங்கள். பனியுகத்தின் பனிப்பாறைகள் ஏறக்குறைய அந்த ஆறு வரைதான் வந்து தேய்த்தன. அதனால் கிழக்குக் கரையில் தட்டையான வயல், மேற்குக் கரையில் மேடும் பள்ளமுமாகப் புல்லும் மாடும். பாலத்தைத் தாண்டிய ஐந்தே நிமிடத்தில் நிலம் மாறுவது கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் பேட்லேண்ட்ஸ். எக்ஸிட் 131-இல் இறங்கி 240-ஆம் சாலை வழியாகப் பூங்காவுக்குள் போய், எக்ஸிட் 110-இல் வால் ஊரில் வெளியே வரலாம். இன்டர்ஸ்டேட்டிலேயே நேராகப் போனால் 20 நிமிடத்தில் தாண்டிவிடும் தூரம்தான், ஆனால் இதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். வெள்ளையும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக அடுக்கடுக்காக அரித்துப்போன குன்றுகள், நடுப்பகல் வெயிலில் எல்லாம் வெளிறித் தெரியும், காலையிலும் மாலையிலும்தான் அந்த நிறங்கள் எழும்பி வரும், ஆகவே பக்கத்திலேயே ஒரு ராத்திரி தங்குவது நல்லது. சேஜ் கிரீக் ரிம் சாலை மண் சாலைதான், காய்ந்திருக்கும்போது சாதாரணக் காரே போகும். அங்கே பைசன் காட்டெருமைகளையும், வளை வாசலில் நின்றுகொண்டு கீச்சிடும், அணில் இனத்தைச் சேர்ந்த ப்ரெய்ரி நாய்களையும் காரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அதே எக்ஸிட் 131 பக்கம் மினிட்மேன் ஏவுகணை வரலாற்றுத் தலம் இருக்கிறது, பனிப்போர்க் காலத்தில் இந்தப் புல்வெளிக்கு அடியில் அணு ஏவுகணைகளைப் புதைத்து வைத்திருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. எக்ஸிட் 116-இல் கண்ணாடி மூடி வழியாகக் குழிக்குள் எட்டிப் பார்க்கலாம். ‘வால் டிரக்’ என்ற மருந்துக்கடைக்கு வழியெல்லாம் விளம்பரப் பலகை இருக்கும், 1930களிலிருந்து இலவச ஐஸ் தண்ணீர் தந்தே பெயர் வாங்கிய கடை. கூட்டம் பிடிக்காதவர்கள் தாண்டிப் போய்விடலாம், ஒன்றும் இழக்கமாட்டீர்கள்.

இந்த வழியின் குறை, நல்லவையெல்லாம் மேற்கு முனையில் குவிந்து கிடப்பது. மிசௌரி வரை பெரும்பாலும் வயல்தான். வேக வரம்பு 80 என்பதால் நீங்கள் 65-இல் போனால் பின்னால் வருகிறவர்கள் பொறுமை இழப்பார்கள்.

கான்சஸ் வழியான ஐ-70தான் எல்லோரிடமும் திட்டு வாங்கும் சாலை, மாநிலத்துக்குள் 424 மைல். ஆனால் கான்சஸில் இருப்பவை வேறு எங்கேயும் கிடைக்காது, என்ன, ஐ-70-ஐ விட்டு இறங்க வேண்டும். கான்சஸ் சிட்டியிலிருந்து ஐ-35 பிடித்து எம்போரியா, அங்கிருந்து யூ.எஸ். 50-இல் ஸ்ட்ராங் சிட்டி, பிறகு 177-ஆம் சாலையில் வடக்கே கவுன்சில் குரோவ் வழியாகக் கான்சஸின் மன்ஹாட்டன் ஊருக்குத் தெற்கே ஐ-70-இல் வந்து சேரலாம். இதுதான் ஃபிளின்ட் ஹில்ஸ். மண்ணுக்குச் சற்று அடியிலேயே சுண்ணாம்புப் பாறை, அதற்குள் சிக்கிமுக்கிக் கல், கலப்பை இறங்கவே இல்லை. ஒரு காலத்தில் கண்டத்தின் நடுவே பரந்திருந்த உயர்புல் வெளியில் 4 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இன்று மிச்சம், அதில் பெரும்பங்கு இங்கே இருக்கிறது. ஸ்ட்ராங் சிட்டிக்குப் பக்கத்தில் 1996-இல் அமைத்த டால்கிராஸ் ப்ரெய்ரி தேசியப் பாதுகாப்பகம் சுமார் 11,000 ஏக்கர், உள்ளே நடைபாதைகள் உண்டு. 2009-இல் பைசன்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள், அவை நிற்கும் புல்வெளிக்குள்ளேயே பாதை போகிறது, நன்றாகத் தள்ளியே நில்லுங்கள்.

செப்டம்பரில் போங்கள். பிக் புளூஸ்டெம் புல் ஆளுயரம் தாண்டி வளர்ந்து, தண்டு செம்பழுப்பாகி, உச்சியில் கதிர் மூன்றாகப் பிரிந்து நிற்கும். ஏப்ரலில் போனால் வேறு காட்சி. புதர் மண்டாமல் இருக்கவும் மாட்டுக்கு இளம்புல் கிடைக்கவும் வசந்தத்தில் மேய்ச்சல்காரர்கள் புல்லுக்குத் தீ வைப்பார்கள், மாலையில் குன்று குன்றாக நெருப்புக்கோடு ஊரும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தச் சமயத்தைத் தவிர்த்துவிடுங்கள், புகை நன்றாகவே இருக்கும்.

மேற்கே இன்னும் இரண்டு நிறுத்தம். ஹேஸ் ஊரின் ஸ்டெர்ன்பெர்க் அருங்காட்சியகத்தில் ஒரு மீனுக்குள் இன்னொரு மீன், இரண்டும் புதைபடிவமாக இருக்கின்றன. சுமார் 14 அடி நீள மீன் ஆறடி மீன் ஒன்றை முழுசாக விழுங்கி, ஜீரணமாவதற்குள் செத்துக் கடல் அடியில் புதைந்துவிட்டது. விழுங்கப்பட்ட மீனின் முதுகெலும்பை விழுங்கியதன் விலா எலும்புகளுக்கு நடுவே ஒவ்வொரு கணுவாகப் பார்க்கலாம். கான்சஸ் கடலாக இருந்ததா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆமாம், இருந்தது, 8 கோடி வருஷத்துக்கு முன்னால். அந்தக் கடலடிச் சுண்ணம்தான் ஓக்லிக்குத் தெற்கே மான்யுமென்ட் ராக்ஸ் என்ற பேரில் 70 அடி உயரச் சுவர்களாக நிற்கிறது. தனியார் நிலம், பெருந்தன்மையாகத் திறந்து விட்டிருக்கிறார்கள், ஏறாதீர்கள், கீறாதீர்கள். மழை பெய்திருந்தால் அந்த மண் சாலைப் பக்கமே போக வேண்டாம். நேரம் இருந்தால் ஹில் சிட்டிக்குக் கிழக்கே நிக்கோடெமஸ் ஊரையும் பார்த்துவிடுங்கள்; அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் கென்டக்கியிலிருந்து வந்து 1877-இல் தங்களுக்கென்று உண்டாக்கிய ஊர்.

இப்போது நான் சொல்ல வந்த சாலை. நெப்ராஸ்கா ஹைவே 2, கிராண்ட் ஐலண்டிலிருந்து அலையன்ஸ் வரை சுமார் 272 மைல், பெரும்பாலும் இரண்டே லேன். ஐந்து மணி நேரத்தில் ஓட்டிவிடலாம், ஆனால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

புரோக்கன் போ வரை வயல்கள்தான். ஆன்செல்மோவைத் தாண்டும்போது சாலையோரத்தை வெட்டியிருக்கும் இடங்களில் மண்ணின் நிறத்தைக் கவனியுங்கள், கருமண் போய் வெளிர் மணல் வந்திருக்கும். அங்கிருந்து சாண்ட்ஹில்ஸ். ஏறக்குறைய 20,000 சதுர மைலுக்கு மணல் மேடுகள், மேற்கு அரைக்கோளத்திலேயே பெரிய மணல்மேட்டுப் பரப்பு இது, தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் வரும். ஆனால் பாலைவனம் இல்லை. ஒவ்வொரு மேட்டையும் புல் வேரால் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. புல் எங்காவது அறுந்தால் காற்று அந்த இடத்தைக் குடைந்து கிண்ணம் மாதிரி பள்ளம் பறித்துவிடும், சரிவுகளில் அந்த மணல் காயங்கள் அங்கங்கே தெரியும். 1904-இல் வந்த கின்கெய்டு சட்டம் ஆளுக்கு 640 ஏக்கர் என்று இலவசமாக நிலம் கொடுத்தது, நம்பி வந்து உழுதவர்கள் பலர் மணலோடு போராடித் தோற்று விற்றுவிட்டுப் போனார்கள், நிலம் மாட்டுப் பண்ணைக்காரர்கள் கையில் சேர்ந்தது. இன்றைக்கும் இவ்வளவு பெரிய புல்வெளி உழப்படாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

பெய்யும் மழை மணலில் ஓடாமல் நேரே கீழே இறங்கி ஓகலாலா நிலத்தடி நீரோடு சேர்கிறது. அந்த நீர் மேடுகளுக்கு நடுவே குளங்களாகவும், மிடில் லூப், டிஸ்மல் மாதிரி ஆறுகளாகவும் வெளியே வருகிறது. ஊற்று நீர் என்பதால் இந்த ஆறுகள் வெயில் காலத்திலும் அனேகமாக ஒரே அளவில் ஓடும். மலன் ஊரில் மாடு தண்ணீர் குடிக்கும் பெரிய வட்டத் தொட்டியை ஆற்றில் இறக்கி, உள்ளே பெஞ்சு போட்டு, குடும்பமாக உட்கார்ந்து மிதந்து போக வாடகைக்கு விடுகிறார்கள். துடுப்பு போடத் தெரிய வேண்டியதில்லை, ஆறே கொண்டுபோய் விடும். அரை நாள் ஒதுக்குங்கள்.

வழியில் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டே போங்கள், சாலையோரம் அகலமாக இருக்கும் இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுக் கம்பி வேலி ஓரமாகக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். முதலில் காற்று மட்டும் கேட்கும். பிறகு ஒரு இரும்புக் காற்றாலை கிறீச்சிடும், அதன் குழாயிலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் விட்டு விட்டு விழும், நாலைந்து கறுப்பு மாடுகள் தொட்டியைச் சுற்றி நிற்கும், வேலிக் கம்பத்தில் மஞ்சள் மார்பில் கறுப்பு வி-யோடு மெடோலார்க் உட்கார்ந்து பாடும். கூடவே ரயில். வயோமிங் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி ஏற்றிய பி.என்.எஸ்.எஃப். நிறுவன ரயில்கள் சாலையை ஒட்டியே போகும், நூறு பெட்டிக்கு மேல், ஒரு மைலைத் தாண்டும் நீளம்.

ஹால்சியில் ஒரு வியப்பு, காடு. 1902-இல் சார்லஸ் பெஸ்ஸி என்ற தாவரவியல் பேராசிரியரின் யோசனையில் அரசாங்கம் தொடங்கி, மணலில் கையாலேயே நட்டு வளர்த்த பைன் காடு. 2022-இல் தீயில் ஒரு பகுதி போய்விட்டது, இருந்தாலும் முகாம் போட நல்ல இடம். தெட்ஃபோர்டைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். ஹூக்கர் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) மலன் ஒன்றுதான் ஊரே, கவுண்டி மொத்தத்துக்கும் ஆயிரம் பேர்கூடக் கிடையாது. நிலா இல்லாத ராத்திரியாகப் பார்த்துப் போனால் பால்வெளி மண்டலம் மேட்டிலிருந்து மேடு வரை தெரியும். அலையன்ஸில் 39 பழைய கார்களுக்குச் சாம்பல் நிறம் அடித்து ஸ்டோன்ஹெஞ்ச் போலவே நிறுத்திய கார்ஹெஞ்ச், 1987-இல் செய்தது. பார்க்கக் காசு வாங்குவதில்லை.

இந்தச் சாலைக்குக் குறை இல்லையா? இருக்கிறது. கேஸ் ஸ்டேஷன்கள் தூரம் தூரமாக இருக்கும், பாதி டேங்க் ஆனதுமே நிரப்பிவிடுங்கள். எலெக்ட்ரிக் காராக இருந்தால் சார்ஜர் எங்கே என்று முன்கூட்டியே பார்த்துத் திட்டமிட வேண்டும், அந்த விஷயத்தில் இன்டர்ஸ்டேட் வழிகள் எவ்வளவோ மேல். போன் சிக்னல் அடிக்கடி போகும், மேப்பை முதலிலேயே இறக்கிவையுங்கள். மோட்டல் ஊருக்கு ஒன்றிரண்டுதான். சைவச் சாப்பாடு கஷ்டம், இது மாட்டுப் பண்ணை நாடு. குட்டி ரைஸ் குக்கரும் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும், ஐஸ் பெட்டியில் தயிரும் இருந்தால் கவலையில்லை.

நாலு வழிக்கும் பொதுவான ஒன்று, வானிலை. மே, ஜூனில் மதியத்துக்கு மேல் இடியும் ஆலங்கட்டியும் டொர்னேடோவும் வரலாம். எச்சரிக்கைகள் கவுண்டி பெயரைச் சொல்லித்தான் வரும், ஆகவே எந்தக் கவுண்டிக்குள் ஓட்டுகிறீர்கள் என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும், கூட வருகிறவரிடம் அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்காதீர்கள், காற்று அங்கே இன்னும் வேகமெடுக்கும். குளிர்காலத்தில் பனிப்புயல் என்றால் இன்டர்ஸ்டேட்டையே கேட் போட்டு மூடிவிடுவார்கள். பொழுது சாயும் நேரத்தில் மான்கள் குறுக்கே பாயும், இருட்டுவதற்குள் மோட்டலுக்குப் போய்விடுவது உத்தமம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? இரண்டே நாளில் டென்வர் போய்ச் சேர வேண்டும் என்றால் ஐ-80, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. டெக்சஸ், மிசௌரிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கும் செப்டம்பரில் போகிறவர்களுக்கும் ஃபிளின்ட் ஹில்ஸ் வழியாகக் கான்சஸ். பிள்ளைகளோடு முதல் பயணம் என்றால் ஐ-90. ஒரு வாரம் கையில் இருந்தால் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம், என் முதல் பரிந்துரையும் அதுதான்: போகும்போது ஹைவே 2, அலையன்ஸிலிருந்து யூ.எஸ். 385-இல் வடக்கே சேட்ரன் வழியாக சுமார் இரண்டு மணி நேரத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ், அங்கிருந்து பிளாக் ஹில்ஸும் பேட்லேண்ட்ஸும், திரும்பும்போது ஐ-90. சேட்ரனுக்குத் தென்மேற்கே லகோட்டா பழங்குடித் தலைவர் கிரேஸி ஹார்ஸ் 1877-இல் கொல்லப்பட்ட ஃபோர்ட் ராபின்சன் இருக்கிறது, பேட்லேண்ட்ஸுக்குத் தெற்கே பைன் ரிட்ஜில் 1890 டிசம்பர் 29-இல் ராணுவம் 200க்கும் மேற்பட்ட லகோட்டா மக்களைக் கொன்ற வூண்டட் நீ இருக்கிறது. இந்தப் புல்வெளி யாருடையதாக இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வெறும் படம் எடுத்துக்கொண்டு வருவது எனக்குச் சம்மதமில்லை, அங்கே ஒரு மணி நேரமாவது கொடுங்கள். அது மக்கள் வாழும் நிலம், கல்லறை இருக்கும் இடம், அந்த மரியாதையோடு போங்கள்.

எப்போது போவது? ஜூன் மாதத்தின் முதல் பாதி பச்சைக்கு, செப்டம்பர் முழுக்க நிறத்துக்கும் நல்ல வானிலைக்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் மட்டும் வேண்டாம், ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வருவார்கள், ரேபிட் சிட்டியைச் சுற்றி அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.